கால் தசை இறுக்கம்: நிற்பதற்குத் துணையா, தடையா?

பெருவிரைவு ரயிலின் கதவு மூடுகிறது. உள்ளே நிற்க மட்டுமே இடம். ஒரு கையில் கைத்தொலைபேசி, மறு கையில் பை என்று நிற்கிறார் இருபத்திரண்டு வயது இளையர் ஒருவர். வண்டி கிளம்பிய அந்த ஒரு நொடியில் இரண்டடி பின்னால் தடுமாறி, பக்கத்தில் நின்றவரின் காலை மிதித்துவிடுகிறார். அவருக்கு அருகில் கம்பியைக்கூடப் பிடிக்காமல் நிற்கும் அறுபது வயது அம்மா அசையவே இல்லை. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் காலை நேர ரயிலில் ஏறுவோருக்கு இது பழகிப்போன காட்சிதான்.

ஒரு தடுமாற்றத்தை வைத்து யாருடைய காலையும் எடைபோட்டுவிட முடியாது. கவனம் திரையில் இருந்திருக்கலாம். முந்திய இரவு தூக்கம் குறைந்திருக்கலாம். ஆனாலும் ஒரு கேள்வி எழுகிறது. இளம் வயது, நல்ல உடம்பு, பார்வையிலும் குறையில்லை. அப்படியிருந்தும் சில இளையர்கள் ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கத் திணறுவது ஏன்?

பலரும் உடனே சொல்லும் பதில், "கால் தசை இறுகிப் போய்விட்டது, நீட்டி மடக்கினால் சரியாகிவிடும்" என்பது. விளையாட்டுத் திடலிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் நாளும் கேட்கும் அறிவுரை அது. அதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான் உண்டு. தசை இறுக்கம் சில வேளைகளில் மனிதரை விழாமல் காக்கிறது, சில வேளைகளில் அதுவே விழக் காரணமாகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் எதை நீட்டுவது, எதை வலுப்படுத்துவது என்று தெளிவாக முடிவு செய்ய முடியும்.

நிற்பதும் ஒரு வேலைதான்

"சும்மா நிற்கிறான்" என்பது பேச்சு வழக்கு. உண்மையில் எவரும் சும்மா நிற்பதில்லை.

விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடாத பிள்ளைகள் குறைவு. அது சாயும் பக்கமாகக் கையை நகர்த்திக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். மனித உடலும் ஏறக்குறைய அப்படித்தான். தலை, தோள், வயிறு என்று கனம் எல்லாம் மேலே இருக்கிறது. தாங்கும் இடமோ இரண்டு பாதங்களின் அளவுதான்.

போதாக்குறைக்கு, உடலின் எடை இறங்கும் கோடு கணுக்கால் மூட்டின் மேல் நேராக விழுவதில்லை. மூட்டுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. அதனால் நிற்கும் மனிதர் எந்நேரமும் முன்பக்கமாகச் சாயப் பார்க்கிறார். அவரைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருப்பவை கெண்டைக்கால் தசைகள். வெளியே திரண்டு தெரிவது காஸ்ட்ரோநீமியஸ். அதன் அடியில் தட்டையாகப் படுத்திருப்பது சோலியஸ். இரண்டும் கீழே இறங்கி, அக்கிலிஸ் எனப்படும் தடித்த தசைநாணாக ஒன்றுசேர்ந்து குதிகால் எலும்பில் முடிகின்றன.

இந்தத் தசைகளுக்கு எப்போது எவ்வளவு இழுக்க வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது. ஒன்று கண். இரண்டாவது, உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு. மூன்றாவது, உள்ளங்காலின் தோலிலும் மூட்டுகளிலும் தசைகளுக்குள்ளேயும் இருக்கும் உணர்வுக் கருவிகள். தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதைத் தசைக்குள் பதிந்திருக்கும் நுண்ணிய கதிர்கள் மூளைக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன.

கண்ணை மூடிக்கொண்டு, பாதங்களைச் சேர்த்து வைத்து நின்று பார்த்தால் மூன்றாவது செய்தியின் அருமை புரியும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் விவரித்த இந்தச் சோதனை இன்றும் நரம்பியல் மருத்துவர்களின் அறையில் அன்றாடம் செய்யப்படுகிறது.

இறுக்கம் என்பது எது?

"கால் டைட்டாக இருக்கிறது" என்று சொல்பவர் பல வேறு தொல்லைகளை ஒரே சொல்லால் குறிக்கிறார்.

பழக்கமில்லாத ஓட்டத்துக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் வலி ஒன்று. அது தசை புதிய உழைப்புக்குப் பழகும்போது ஏற்படுவது, தானாகவே தணிந்துவிடும். நடு இரவில் கெண்டைக்காலைச் சுண்டி இழுக்கும் தசைப்பிடிப்பு இன்னொன்று. பக்கவாதம் போன்ற நரம்பு நோய்களால் வரும் விறைப்பு மூன்றாவது, அது முற்றிலும் வேறு கதை.

ஆய்வாளர்கள் இறுக்கம் என்று சொல்வது இவை எதையும் அல்ல. ஒரு தசையை இழுத்தால் அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதே அவர்களின் கணக்கு. பழைய ரப்பர் வளையமும் புதிய ரப்பர் வளையமும் ஒரே நீளம்தான் இருக்கும். ஆனால் ஒன்றை இழுக்க அதிக விசை வேண்டும், மற்றதை இழுக்கக் குறைந்த விசை போதும். அதிக விசை கேட்பது இறுக்கமானது. வலி இல்லாமலே தசை இறுக்கமாக இருக்கலாம். இறுக்கம் இல்லாமலே வலியும் இருக்கலாம்.

இந்த இறுக்கத்திலும் இரண்டு வகை உண்டு. தசை ஓய்வாக இருக்கும்போது அதன் இழைகளாலும் உறைகளாலும் தசைநாணாலும் வருவது ஒன்று. மூளை கட்டளையிட்டு, தசை சுருங்கும்போது கூடிக்கொள்வது மற்றொன்று. முதலாவது இருப்புத் தொகை என்றால், இரண்டாவது தேவைக்கேற்ப எடுத்துச் செலவழிப்பது.

முன்பெல்லாம் காலைக் கருவியில் கட்டி, கணுக்காலை மெல்ல மடக்கி, எவ்வளவு எதிர்ப்பு வருகிறது என்று அளந்தார்கள். இப்போது மீயொலிக் கருவி கொண்டு தசைக்குள் மெல்லிய அதிர்வலையைச் செலுத்துகிறார்கள். இறுக்கமான தசையில் அலை வேகமாக ஓடும், தளர்ந்த தசையில் மெதுவாக ஓடும். எஸ்தோனியா நாட்டில் உருவான மயோட்டோன் என்ற கைக்கருவி தோலின் மேல் லேசாகத் தட்டி, தசை எப்படி அதிர்கிறது என்பதைக் கொண்டு இறுக்கத்தைக் கணிக்கிறது. 2018ல் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீரர்களின் தசைகளை அளக்கவும் அது பயன்பட்டது.

முதல் தரப்பு: இறுக்கம் துணைதான்

1998ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் விண்டரும் அவருடைய குழுவினரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அமைதியாக நிற்கும் மனிதரின் கணுக்கால், சுருள்வில் போல வேலை செய்கிறது. உடல் முன்னே சாய்ந்தால் கெண்டைக்கால் தசை என்ற வில் நீள்கிறது. நீண்ட வில் உடலைத் திரும்ப இழுக்கிறது. மூளை ஒவ்வோர் அசைவுக்கும் தலையிட வேண்டியதில்லை, வில்லின் இறுக்கத்தைச் சரியாக வைத்திருந்தால் போதும் என்பது அந்தக் கருத்து.

அது உண்மையானால் இறுக்கமான கால்தான் நல்ல கால். ஆனால் வில் போதுமான அளவு வலுவானதா?

2002ல் இங்கிலாந்தின் இயன் லோரமும் மார்ட்டின் லேக்கியும் இதை அளந்து பார்த்தார்கள். உடல் விழாமல் நிற்கத் தேவையான இறுக்கத்தில் கணுக்கால் தானாகத் தருவது சராசரியாகச் சுமார் 91 விழுக்காடு என்று கண்டார்கள். 2005ல் இத்தாலிய ஆய்வாளர்கள் சற்றுப் பெரிய அசைவுகளைக் கொடுத்து அளந்தபோது அது சுமார் 64 விழுக்காடுதான் இருந்தது.

இரண்டு எண்களும் வேறுபட்டாலும் சொல்லும் செய்தி ஒன்று. நிற்பதற்கு வேண்டியதில் பெரும்பங்கைத் தசையும் தசைநாணும் இலவசமாகத் தருகின்றன. ஆனால் முழுவதையும் தருவதில்லை. மிச்சத்தை மூளைதான் ஈடுகட்ட வேண்டும்.

எப்படி ஈடுகட்டுகிறது என்பதும் வியப்பானது. 2004ல் லோரமும் அவருடைய கூட்டாளிகளும் நிற்பவர்களின் கெண்டைக்கால் தசையை மீயொலி மூலம் படம்பிடித்தார்கள். உடல் முன்னே சாயும்போது தசை நீளும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். படத்திலோ தசை சுருங்கியது. நீண்டது தசைநாண். விளக்குமாற்றை நிறுத்தும் கை போல, தசை முன்கூட்டியே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. விநாடிக்கு இரண்டு மூன்று முறை இந்தச் சிறு இழுப்புகள் நடக்கின்றன. அசையாமல் நிற்பதாகத் தோன்றும் காவலர்கூட உள்ளே ஓயாமல் திருத்திக்கொண்டுதான் நிற்கிறார்.

ஆகவே தளர்ந்து தொய்ந்துபோன கால் நல்ல காலும் அல்ல. தேவையான இறுக்கம் இல்லாவிட்டால் மூளைக்கு வேலைப்பளு கூடும்.

இரண்டாம் தரப்பு: இறுக்கமே தடை

அமைதியாக நிற்பது ஒன்று. எட்டி ஒரு பொருளை எடுப்பது, படி இறங்குவது, பூப்பந்து ஆட்டத்தில் வலையை நோக்கிப் பாய்வது வேறு. இங்கெல்லாம் கணுக்கால் மடங்க வேண்டும். பாதம் தரையில் பதிந்திருக்க, முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னே போக வேண்டும். கெண்டைக்கால் தசை விட்டுக்கொடுக்காவிட்டால் அது நடக்காது.

இதைச் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு. தரையில் நட்சத்திர வடிவில் கோடுகள் போட்டு, ஒற்றைக் காலில் நின்றபடி மறு காலால் ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு தூரம் எட்ட முடிகிறது என்று அளப்பார்கள். 2011ல் அமெரிக்காவில் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஆய்வில், நின்ற காலின் கணுக்கால் நன்றாக மடங்கியவர்களால் முன்பக்கம் அதிக தூரம் எட்ட முடிந்தது தெரியவந்தது. மடங்காத கணுக்கால் உள்ளவர் சீக்கிரமே குதிகாலைத் தூக்கிவிடுகிறார், அல்லது இடுப்பை வளைத்துச் சமாளிக்கிறார்.

பத்துமலையின் 272 படிகளில் ஏறி இறங்கியவர்களுக்கு இது புதிதல்ல. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் கால் நடுங்கும். ஒரு கால் கீழ்ப்படியைத் தேடும்போது, மேலே நிற்கும் காலின் கணுக்கால் ஆழமாக மடங்கியபடி உடல் முழுவதையும் மெதுவாக இறக்க வேண்டும். கெண்டைக்கால் இறுகியவர்கள் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து இறங்குவதைக் காணலாம்.

குந்தி உட்காருவதும் இதே கணக்குதான். வாசலில் குந்தியபடியே கோலம் போட்டு முடித்த பாட்டிமார் குதிகாலைத் தரையிலிருந்து எடுத்ததில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் குந்த முயன்றால் குதிகால் எழும்பிவிடுகிறது, அல்லது பின்னால் சாய்ந்துவிடுகிறார்கள். நாற்காலியும் மேசையும் வந்த பிறகு கணுக்கால் முழுவதும் மடங்கும் வாய்ப்பே அன்றாட வாழ்வில் குறைந்துவிட்டது.

காலணிக்கும் இதில் பங்கு உண்டு. ஆஸ்திரிய, இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2010ல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட காலமாக உயரக் குதிகால் காலணி அணிந்துவந்த பெண்களின் கெண்டைக்கால் தசை இழைகள், அணியாதவர்களின் இழைகளைவிடச் சராசரியாகப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் குட்டையாக இருந்தன. அவர்களின் அக்கிலிஸ் தசைநாண் தடித்தும் இறுகியும் இருந்தது. எந்த நிலையில் தினமும் வைத்திருக்கிறோமோ அந்த நிலைக்கு ஏற்பக் கால் தன்னை மாற்றிக்கொள்கிறது.

பயந்தாலும் இறுகும்

தசை இறுக்கம் காலில் மட்டும் பிறப்பதில்லை, மனத்திலும் பிறக்கிறது. கனடிய ஆய்வாளர்கள் 1999லும் 2001லும் வெளியிட்ட ஆய்வுகளில் இளம் வயதினரை உயர்த்தப்பட்ட மேடையின் விளிம்பில் நிற்கவைத்தார்கள். தரையில் நின்றபோது மெதுவாக ஆடிய அதே உடல், உயரத்தில் குறைவாக ஆடியது. ஆனால் அந்த ஆட்டம் வேகமாக, படபடப்பாக இருந்தது. காலை விறைப்பாக்கிக்கொண்டு நிற்பது அச்சத்தின் இயல்பான விளைவு.

அசைவு குறைந்தால் சமநிலை கூடிவிட்டது என்று பொருளல்ல என்பதை இது காட்டுகிறது. விறைத்து நிற்பவரை யாரேனும் லேசாகத் தள்ளினால் அவர் மரம் போலச் சாய்வார். வளைந்து கொடுப்பவர் ஓரடி எடுத்துவைத்து நின்றுவிடுவார். முதல் முறை பனிச்சறுக்குக் காலணி அணிந்தவர்களைக் கவனித்தால் போதும். முழங்காலைப் பூட்டிக்கொண்டு நிற்பவர்தான் முதலில் விழுகிறார்.

இரு தரப்பும் சரி என்றால்?

இளம் வயதினரை வைத்து நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சிலவற்றில் இறுக்கமான தசை உள்ளவர்கள் குறைவாக ஆடுகிறார்கள். சிலவற்றில் தொடர்பே தெரிவதில்லை. வேறு சிலவற்றில் இறுக்கம் கூடியவர்கள் எட்டும் தூரம் குறைகிறது. இதில் முரண்பாடு இருப்பதுபோல் தோன்றினாலும் காரணம் எளிது.

இளையர்களுக்கு இரண்டு காலில் அமைதியாக நிற்பது மிக எளிய வேலை. கண், காது, தசை மூன்றும் நன்றாக இருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். அதனால் அந்தச் சோதனையில் இறுக்கத்தின் தீமை தெரிவதில்லை. ஒற்றைக் காலில் எட்டுவது, குதித்து இறங்குவது, திடீரெனத் திரும்புவது என்று வேலை கடினமாகும்போதுதான் கணக்கு வெளியே வருகிறது.

ஆக, காலுக்கு வேண்டியது இறுகவும் தெரிய வேண்டும், இளகவும் தெரிய வேண்டும் என்பதே. தாளத்துக்கு ஏற்பத் தட்டத் தெரிந்த மிருதங்கக்காரர் கை போல, தேவையான நேரத்தில் தேவையான அளவு. எப்போதும் இறுகியே இருக்கும் தசைக்கு அந்தத் தேர்வு இல்லை.

இளையர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?

விழுந்தால் எழுந்துகொள்ளும் வயதுதானே என்று கேட்கலாம். விழுவதைவிடப் பெரிய தொல்லை சுளுக்கு.

காற்பந்து, கூடைப்பந்து, பூப்பந்து ஆடுவோர், தேசிய சேவையில் பயிற்சி பெறுவோர் என்று இளையர்களை அதிகம் வாட்டுவது கணுக்கால் சுளுக்கு. கணுக்கால் மூட்டில் பொருந்தும் பாத எலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருக்கிறது. பாதம் நன்றாக மேல்நோக்கி மடங்கும்போது அகலமான பகுதி ஆப்பு போல மூட்டில் பொருந்தி உறுதியாகிறது. கெண்டைக்கால் இறுகி, பாதம் மடங்காமல் நின்றுவிட்டால் மூட்டு தளர்வான நிலையிலேயே எடையை வாங்குகிறது. அப்போது பாதம் உட்பக்கமாகப் புரள்வது எளிது.

முதல் சுளுக்கு ஏற்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை பிறகு அடிக்கடி கணுக்கால் பிசகும் நிலைக்கு ஆளாவதாக மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. எண்ணெய் தடவிக் கட்டுப்போட்டு, வீக்கம் வடிந்ததும் திடலுக்குத் திரும்புவது பலரின் வழக்கம. வீக்கம் போனாலும் கணுக்கால் பழையபடி மடங்காமல் இருக்கும், தசைக்கதிர்கள் அனுப்பும் செய்தியும் மந்தமாக இருக்கும். அந்தக் காலோடுதான் அடுத்த ஆட்டம் ஆடுகிறார்கள்.

நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதும் சேர்ந்துகொள்கிறது. அசையாமல் வைத்திருக்கும் தசை தற்காலிகமாக இறுகும் என்பது உடலியலில் நன்கு அறியப்பட்டது. தக்காளி சாஸ் போத்தலைக் கவிழ்த்தால் முதலில் வராது, குலுக்கினால் வழிந்து ஓடும். தசை இழைகளும் அப்படியே. நெடுநேரம் ஒரே நிலையில் இருந்தால் உள்ளே உள்ள நுண் இணைப்புகள் பற்றிக்கொள்கின்றன, சில முறை அசைத்ததும் விட்டுவிடுகின்றன. நான்கு மணி நேரக் கணினி விளையாட்டுக்குப் பிறகு எழுந்ததும் முதல் சில அடிகள் தடுமாற இதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் தசைக்கதிர்களின் செய்தியும் சற்றுத் துல்லியம் குறைந்திருக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

மூன்று எளிய சோதனைகளுக்குக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு மேசையோ சுவரோ இருந்தால் போதும்.

முதலாவது, ஒற்றைக் காலில் நிற்பது. வெறுங்காலுடன், கையைத் தொங்கவிட்டு, நேரே பார்த்தபடி நிற்க வேண்டும். ஆரோக்கியமான இளையர் ஒருவர் பத்து விநாடி எளிதாக நிற்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முயன்றால் நேரம் வெகுவாகக் குறையும், அது எல்லாருக்கும் இயல்பு. இடது காலுக்கும் வலது காலுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

இரண்டாவது, சுவரில் முழங்காலைத் தொடுவது. சுவரைப் பார்த்து நின்று, ஒரு பாதத்தை முன்வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிறவரை பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்த வேண்டும். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி பத்து சென்டிமீட்டர் அளவில் இருப்பது பொதுவானது. மிகக் குறைவாக இருந்தாலோ, இரு கால்களுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ கணுக்காலுக்குக் கவனிப்பு தேவை.

மூன்றாவது, பள்ளியில் எல்லாரும் செய்ததுதான். காலை நீட்டி உட்கார்ந்து விரல்களை எட்டுவது. சிங்கப்பூரின் நாஃபா தேர்விலும் மலேசியாவின் செகாக் தேர்விலும் இடம்பெற்ற அந்தப் பயிற்சி, பின்னந்தொடையும் கீழ்முதுகும் எவ்வளவு வளைந்து கொடுக்கின்றன என்பதைக் காட்டும். கெண்டைக்காலைப் பற்றி அது அதிகம் சொல்லாது. அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவரின் கணுக்காலும் இறுகியிருக்கலாம்.

நீட்டினால் மட்டும் போதாது

நீட்டல் பயிற்சி எவ்வளவு நேரம்? 1994ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், பின்னந்தொடைத் தசையை 30 விநாடி நீட்டியவர்களுக்கும் 60 விநாடி நீட்டியவர்களுக்கும் ஆறு வாரங்களில் ஒரே அளவு பலன் கிடைத்தது. ஆகவே 30 விநாடி போதும் என்பது அன்று முதல் பரவலான அறிவுரை.

கெண்டைக்காலுக்குச் சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைப் பின்வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்க வேண்டும். முழங்கால் நேராக இருந்தால் வெளித்தசை நீளும். அதே நிலையில் முழங்காலைச் சற்று மடக்கினால் அடியில் உள்ள சோலியஸ் நீளும். பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். 2004ல் கனடாவில் நடந்த ஆய்வில், தசைகளை 45 விநாடி வீதம் மும்முறை நீட்டிய உடனேயே சமநிலையும் எதிர்வினை வேகமும் சற்றுக் குறைந்தன. 2009ல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 15 விநாடி நீட்டியபோது சமநிலை மேம்பட்டது. ஆட்டத்துக்குச் சற்று முன் நெடுநேரம் அசையாமல் நீட்டுவதைத் தவிர்த்து, மெல்ல ஓடியும் கால்களை வீசியும் உடலைச் சூடாக்குவது நல்லது. நீண்ட நேர நீட்டலை ஆட்டம் முடிந்த பிறகோ இரவிலோ வைத்துக்கொள்ளலாம்.

நீட்டலோடு வலுவும் சேர வேண்டும். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை உயர்த்தி, பிறகு மூன்று விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறக்குவது ஒரே நேரத்தில் தசையை நீட்டவும் வலுப்படுத்தவும் செய்யும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து முறை செய்தால் போதும்.

மூன்றாவது, சமநிலையையே பயிற்சியாக்குவது. அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளில் காற்பந்தும் கூடைப்பந்தும் ஆடிய 765 மாணவர்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2006ல் வெளியானது. ஒற்றைக் காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சி செய்த குழுவில் 6.1 விழுக்காட்டினருக்குக் கணுக்கால் சுளுக்கு ஏற்பட்டது. செய்யாத குழுவில் அது 9.9 விழுக்காடு. செலவில்லாத பயிற்சி மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான சுளுக்குகளைத் தடுத்திருக்கிறது.

காலையில் பல் துலக்கும்போது பாதி நேரம் ஒரு காலிலும் மீதி நேரம் மறு காலிலும் நிற்கலாம். மழை நாளில் குளியலறைத் தரை ஈரமாக இருந்தால் அங்கே வேண்டாம், கூடத்தில் செய்யலாம். மணிக்கு ஒரு முறை நாற்காலியை விட்டு எழுந்து கணுக்காலைச் சுழற்றலாம்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

எல்லா இறுக்கத்தையும் பயிற்சியால் போக்க நினைப்பது தவறு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். நீண்ட விமானப் பயணம், அறுவை சிகிச்சை, கால் கட்டு ஆகியவற்றுக்குப் பிறகு அப்படி நேர்ந்தால் காலைப் பிசைந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குதிக்கும்போது பின்னங்காலில் யாரோ உதைத்ததுபோல உணர்ந்து, பிறகு குதிகாலை உயர்த்த முடியாமல் போனால் அக்கிலிஸ் தசைநாண் அறுந்திருக்கக் கூடும். இறுக்கத்தோடு மரத்துப்போதல், பலவீனம், இருட்டில் மிகுந்த தடுமாற்றம் ஆகியவை சேர்ந்தால் நரம்பைச் சோதிக்க வேண்டும். சுளுக்குக்குப் பிறகு நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டால் எலும்பைப் படம் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இன்றைய கால், நாளைய கால்

பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரிடம் நடந்த ஆய்வு 2022ல் வெளிவந்தது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரால் பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை. அப்படி நிற்க முடியாதவர்கள் அடுத்து வந்த ஆண்டுகளில் இறக்கும் அபாயம், வயதையும் நோய்களையும் கணக்கில் கொண்ட பிறகும், 84 விழுக்காடு அதிகமாக இருந்தது. நிற்க முடியாததே மரணத்துக்குக் காரணம் என்று இதற்குப் பொருளல்ல. உடலின் பல பாகங்கள் ஒன்றாகச் சரியாக இயங்குகின்றனவா என்பதை ஒற்றைக் கால் சொல்லிவிடுகிறது என்பதே செய்தி.

ஐம்பது வயதில் அந்தச் சோதனையில் தேறுவதற்கான முதலீட்டை இருபது வயதிலேயே தொடங்கலாம். ரயிலில் அசையாமல் நின்ற அந்த அம்மாவின் கால்கள் எத்தனை ஆண்டு குந்தின, ஏறின, இறங்கின, சுமந்தன என்பது அவருக்குத்தான் தெரியும். அவருடைய முழங்கால் சற்றே மடங்கியிருந்தது. பாதம் தோளளவு அகன்றிருந்தது. வண்டி குலுங்கியபோது அவர் விறைக்கவில்லை, குலுக்கலோடு சேர்ந்து அசைந்து திரும்பி வந்தார். பக்கத்தில் நின்ற இளையர் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, அடுத்த நிலையம் வருமுன் அதே போல நின்று பார்க்கலாம்.